நான் படிப்பித்த இல்லாத புத்தகம்

தொண்ணூற்றோராம் ஆண்டு, சண்டைக் காலத்தில், நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயது. கலியாணம் ஆகவில்லை. அம்மாவும் அண்ணையும் கரவெட்டியில் இருந்தார்கள். நான் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பக்க அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தேன். வீட்டுக்காரர் தங்கள் பாட்டில் இருந்தார்கள், நான் என் பாட்டில். சில சனிக்கிழமைகளில் வகுப்புக்குள் நுழைந்து வாயைத் திறக்கும்போதுதான், முதல்நாள் பின்னேரத்திலிருந்து ஒருவரோடும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பது தெரியவரும். தொண்டை கரகரக்கும். செருமிச் சரிசெய்துகொண்டு தொடங்குவேன்.

சனிக்கிழமை காலை வகுப்பு பெண் பிள்ளைகளுக்கானது. பதினாறு, பதினேழு வயதுக்காரிகள். கிடுகுக் கூரை, இருக்க நீள வாங்குகள், ஒரு கரும்பலகை, வேலியோரம் குண்டுக்குப் பதுங்க மண்மூட்டை அடுக்கிய ஒரு பங்கர். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை, தெல்லிப்பழைக்கும் வடக்கே கடற்கரை ஊரொன்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். தகப்பனும் தமையனும் கடற்றொழில் செய்தவர்கள். இப்போது கடலுக்குப் போக வழியில்லாமல் ஒரு உறவினரின் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவள் தமையனின் சைக்கிளில், பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிளில், வருவாள். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். குரலும் கொஞ்சம் தடித்தது. மற்றப் பிள்ளைகள் அவளைப் 'பெடியன்' என்றார்கள்.

அந்தப் பெயரை வைத்தவள் முன்வாங்கில் இருந்த ஒருத்தி. நல்ல கெட்டிக்காரி, வாய்க்காரி. அவள் சிரித்தால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். அவள் உம்மென்று இருந்தால் மற்றவர்களும் உம்மென்று இருப்பார்கள். இனி அவளை முன்வாங்குக்காரி என்றே சொல்கிறேன், மற்றவளைக் கடற்கரைப் பிள்ளை என்று.

கடற்கரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொஞ்சக் காலம் இன்னொருத்தி இருந்தாள். இருவருக்கும் ஒரே புத்தகம்தான். தலையோடு தலை வைத்துப் படிப்பார்கள். ஒருநாள் முன்வாங்குக்காரி திரும்பிப் பார்த்து, "அங்கை பாருங்கோடி, மாப்பிளையும் பொம்பிளையும்," என்றாள். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அடுத்த கிழமை அந்தப் பக்கத்துப் பிள்ளை வேறு வாங்குக்குப் போய்விட்டாள். கடற்கரைப் பிள்ளை ஒரு முழு வாங்கில் தனியே இருந்தாள். வாங்கின் நடுவில் இருக்கலாமே, அதுவும் இல்லை. மற்றவளுக்கு இடம் விட்டதுபோல ஒரு கரையில் ஒதுங்கி இருந்தாள்.

அதட்டியிருக்கலாம். அதட்டினால் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வாய்கள் மூடியிருக்கும், அவ்வளவுதான். அதற்குமேல் இதைப் பற்றிக் கதைக்க எனக்குத் துணிவு இல்லை. கதைத்தால் என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன்.

ஏனென்றால் எனக்கும் ஒருத்தி இருந்தாள். கரவெட்டியில், பெண்கள் பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில். எண்பத்து மூன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் பதினேழு வயது. நான் அவளை விரும்பினேன், அவள் என்னை விரும்பினாள். அதற்கு ஒரு சொல் எங்களிடம் இருக்கவில்லை. சொல் இல்லாதபடியால் ஊருக்கும் அது தெரியவில்லை. "உதுகள் ரெண்டும் ஒட்டிப் பிறந்ததுகள்," என்று அவளுடைய தாய் எங்களுக்கு ஒரே கோப்பையில் சோறு போட்டுத் தந்தார். அடுத்த வருடம் ஊரில் எல்லாரும் பிள்ளைகளை எங்கேயாவது அனுப்பிவிடத் துடித்த நேரம், அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்தது. பயணம் சொல்ல வந்த அன்றைக்கு நாங்கள் இருவரும் அழுத அழுகையை எல்லாரும் பார்த்தார்கள். சிநேகிதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய சித்தி என் முதுகைத் தடவி, "நீயும் ஒருநாள் போவாய் பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி நான் ஒருவரோடும் கதைத்ததில்லை.

ரியூசன் நடத்திய மாஸ்ரர் நல்ல மனிதர், ஆனால் பிள்ளைகள் குறைந்துவிடுவார்களோ என்று எந்நேரமும் கவலைப்படுவார். "கடைசிக் கால் மணித்தியாலம் ஏதாவது கதை சொல்லுங்கோ ரீச்சர். கதைக்கெண்டாலும் நிப்பினம்," என்று சொல்லியிருந்தார். வெளிநாடுகளில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கென்றே நாவல் எழுதுகிறார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். அவற்றில் எங்களைப் போன்றவர்களும் வருவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம் சொன்னேன்:

"எனக்கு வெளியிலை இருந்து ஒரு இங்கிலிசு நாவல் வந்திருக்கு. உங்கடை வயசுப் பிள்ளையளுக்கு எழுதினது. கிழமைக்குக் கொஞ்சமாத் தமிழிலை சொல்லுறன்."

அப்படி ஒரு நாவல் வரவில்லை. வரக்கூடிய காலமும் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்குமே பாதை பூட்டிக் கிடந்தபோது நாவல் எப்படி வரும்? கிழமை முழுக்க அறையில் படுத்திருந்து நானே யோசித்து வைத்ததைத்தான் சனிக்கிழமை சொன்னேன்.

பனி கொட்டுகிற ஒரு சின்னப் பட்டணம். அங்கே ஒருத்தி, தாயோடு இருக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்கிறது. அந்தப் பிள்ளையை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. உடுப்புச் சரியில்லை, நடை சரியில்லை என்று பகிடி பண்ணுகிறார்கள். இவள் மட்டும் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த தன் பாணில் பாதியைக் கொடுக்கிறாள். அப்படித்தான் தொடங்கினேன்.

எங்கள் ஊர்த் தமிழில் 'பிள்ளை' என்றால் ஆணும்தான், பெண்ணும்தான். 'பிள்ளை வந்துது, பிள்ளை சிரிச்சுது' என்று மாதக்கணக்கில் கதை சொல்லலாம், ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் அதைத் திட்டம் போட்டுச் செய்தேனா என்றால், முதல்நாள் இல்லை. வாய் தானாக அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. பிறகு விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பிள்ளையை ஒரு பெடியனாகவே நினைத்துக்கொண்டார்கள். நெட்டையாக, கூச்சமாக, கண் பெரிதாக.

நான் பனியைக் கண்டதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்களுக்கு வந்த நத்தார் வாழ்த்து மட்டைகளில் பார்த்ததுதான். அதனால் கதைக்குள் அடிக்கடி கரவெட்டி வந்துவிடும். ஒருமுறை இருவரும் தோட்டத்துக் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து கதைத்தார்கள் என்றேன். "பனிக்குள்ளை கிணத்துக்கட்டிலை எப்பிடி ரீச்சர் குந்துறது? ஒட்டிப்போகாதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இன்னொருமுறை புகையிலைத் தோட்டத்துக்குள்ளால் அவர்களை நடத்திவிட்டேன். "அங்கையும் புகையிலை வைக்கிறவையோ?" என்றாள் முன்வாங்குக்காரி. "கோடையிலை வைப்பினம்," என்று சொல்லித் தப்பினேன்.

ஒருநாள் கதை நடக்கும்போது பொம்பர் விமானம் வந்தது. எல்லாரும் பங்கருக்குள் இறங்கினோம். சின்னப் பங்கர், நெருக்கியடித்துத்தான் இருக்க வேண்டும். மேலே சத்தம் வட்டமடித்தது. யாரோ தேவாரத்தை முணுமுணுத்தார்கள். முன்வாங்குக்காரியின் குரல் இருட்டுக்குள்ளிருந்து வந்தது:

"ரீச்சர், பேந்து அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு வேறு ஊருக்கு மாற்றம் வருகிறது. போக முதல்நாள் அந்தப் பிள்ளை இவளுடைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. இவளும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர்களுக்குக் கேட்டுவிடும். "நல்லாப் படி," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை போகிறது. அது எனக்கு நடந்தது. என்னுடையது என்று சொல்லாமல் சொன்னேன். பங்கருக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெளியில் வந்தபோது முன்வாங்குக்காரியின் கண்கள் சிவந்திருந்தன. "மண் விழுந்திட்டுது," என்றாள்.

அடுத்த கிழமை, கதையின் இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் ஐந்தாறு வசனமாக எழுதச் சொன்னேன். ஆங்கில வகுப்புத்தானே, கதையால் கொஞ்சம் பிரயோசனமும் இருக்கட்டும் என்றுதான். எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். கடைசி வாங்கிலிருந்து கடற்கரைப் பிள்ளை கையை உயர்த்தினாள். அவள் வகுப்பில் கேள்வி கேட்கிறவள் அல்ல.

"ரீச்சர், அந்தப் பிள்ளைக்கு 'ஹி' போடுறதோ, 'ஷி' போடுறதோ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "இதென்ன கேள்வி, 'ஹி' தானே," என்றாள் முன்வாங்குக்காரி.

'ஹி' என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். கடற்கரைப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விடை முதலே தெரிந்திருந்ததோ, அல்லது உண்மையாகவே இலக்கணம்தான் கேட்டாளோ, எனக்குத் தெரியாது.

"ஷி," என்றேன். "ரெண்டு பேருமே பொம்பிளைப் பிள்ளையள்."

பேனைகள் நின்றுவிட்டன. பிறகு முன்வாங்குக்காரி, "சீ, உதென்ன கதை?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. முகம் கறுத்தது. "நீங்கள் எங்களை ஏமாத்திப்போட்டியள் ரீச்சர்."

"நான் ஒருநாளும் பெடியன் எண்டு சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. ஆனால் நாங்கள் அப்பிடித்தானே நினைச்சம்."

நடுவாங்கில் இருந்த ஒரு பிள்ளை, வழமையில் முன்வாங்குக்காரியின் பக்கம்தான் நிற்பவள், மெல்லமாகச் சொன்னாள்: "அதுக்கென்னடி? போன கிழமை நீதானே அழுதனீ. பிள்ளை அதே பிள்ளைதானே."

"நான் அழேல்லை."

"அழுதனீ. எனக்குப் பக்கத்திலைதான் இருந்தனீ."

அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் கதைத்தார்கள். பாவம் என்றது ஒன்று. வெளிநாட்டில்தான் உப்பிடி, இங்கே இல்லை என்றது இன்னொன்று. "இஞ்சை இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று யாரோ கேட்டார்கள். ஒருத்தி, அதுகள் ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்கேல்லையே என்றாள். நான் மேசைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எனக்காக வாதாடுகிறார்கள், எனக்கெதிராகவும் வாதாடுகிறார்கள். நான் மட்டும் அதில் ஒரு சொல்லும் சேர்க்க முடியாமல் சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கொட்டிலுக்குள் அன்றைக்கு இருந்த தனிமையை என் அறையில்கூட நான் உணர்ந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை முன்வாங்குக்காரி வரவில்லை. இன்னும் இரண்டு பேரும் வரவில்லை. அவர்கள் இருவரும் பிறகு வரவே இல்லை, வேறு ரியூசனுக்குப் போய்விட்டார்கள். கிழமை நடுவில் முன்வாங்குக்காரியின் தாய் என் அறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்தப் புத்தகத்தை ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார்.

"கொண்டுவந்த ஆள் திருப்பி வாங்கிக்கொண்டு போட்டார் அம்மா."

"ஓ." குடையை மடியில் வைத்துத் தடவினார். "பிள்ளையளுக்கு உந்தக் கதை தேவையில்லை ரீச்சர். குமர்ப் பிள்ளையள். ஊர்ச் சனம் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாததோ?"

"தெரியும்."

"இவள் ஒவ்வொரு சனியும் வந்து எனக்கும் கதையைச் சொல்லுறவள். நான் சமைக்கச் சமைக்க நிண்டு சொல்லுவாள். அண்டைக்கு வந்து ஒண்டும் சொல்லாமல் படுத்திட்டாள்." குடையைத் திருப்பி வைத்தார். "கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பிள்ளையை நல்லாப் பிடிச்சுப்போச்சு. முடிவு என்ன?"

"இன்னும் முடிவுக்கு வரேல்லை."

"நீங்கள் வாசிச்சு முடிக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் எழும்பினார். வாசலில் நின்று குடையை விரித்தார். "நான் விடுதியிலை இருந்து படிச்ச காலத்திலை ரெண்டு பேர் இருந்தவை. நல்ல பிள்ளையள். நாங்கள் அதுகளைப் படுத்தின பாடு," என்று சொல்லிவிட்டு, வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

மாஸ்ரருக்கும் செய்தி போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், "ரீச்சர், உதை நிப்பாட்டிவிடுவம். வகுப்பு உடைஞ்சுபோம். எனக்கு வேறை பிழைப்பு ஒண்டும் இல்லை," என்றார். இன்னும் ஒரு கிழமை தாருங்கள், முடிவைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன் என்றேன். யோசித்தார். "கெதியாச் சொல்லி முடியுங்கோ," என்றார்.

பிரச்சினை என்னவென்றால் என்னிடம் முடிவு இல்லை. எனக்கு நடந்தது அந்த வாசலோடு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வெறுங்கையோடுதான் சனிக்கிழமை போனேன். முன்வாங்குக்காரி வந்திருந்தாள். முன்வாங்கில் இல்லை, நடுவில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இண்டைக்குக் கதை முடியுது," என்றேன். "அதுக்கு முதல், எப்பிடி முடியவேணும் எண்டு நீங்கள் நினைக்கிறியள்?"

"செத்துப்போவினம்," என்றது ஒரு பிள்ளை. "கட்டாயம் ஒராள் எண்டாலும் சாகும். உப்பிடிக் கதையெல்லாம் அப்பிடித்தான் முடியும்."

"இல்லாட்டி அவளைக் கலியாணம் கட்டிக் குடுத்திடுவினம்," என்றது இன்னொன்று. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது கடற்கரைப் பிள்ளை சொன்னாள்: "சாக வேண்டாம் ரீச்சர். சாகிறதுக்கு இஞ்சை வேறை காரணம் எத்தினை இருக்கு. அதுகளாவது இருக்கட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் சொந்தத்தில் ஒருவரையாவது பறிகொடுக்காத பிள்ளை இல்லை. முன்வாங்குக்காரி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டே, "திரும்பி வரட்டும்," என்றாள். "அந்தப் பிள்ளை திரும்பி வரட்டும் ரீச்சர்."

அந்தப் பிள்ளை திரும்பி வந்தது. படித்து, வேலை தேடிக்கொண்டு, அதே பட்டணத்துக்கு, அதே வீட்டு வாசலுக்கு வந்தது. இவள் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டு, பாணை இரண்டாகப் பிய்த்தாள். பிறகு எல்லாரும் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தேன். முன்வாங்குக்காரியின் தாளில் முதல் வசனம், இவள் அவளுக்காகக் காத்திருந்தாள் என்று இருந்தது. 'ஷி' என்றும் 'ஹேர்' என்றும் சரியாகப் போட்டிருந்தாள். அப்படியொரு வசனத்தை எழுத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதன் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'சரி' போட்டேன்.

வகுப்பு கலைந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கடற்கரைப் பிள்ளை பக்கத்தில் வந்தாள்.

"ரீச்சர், உப்பிடிக் கதை எழுதுற ஆக்கள் உண்மையிலை இருக்கினமோ?"

"இருக்கினம்."

"நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"இல்லை," என்றேன். "இருக்கினம் எண்டு தெரியும்."

"ஓம்," என்று சொல்லிவிட்டு, பாருக்கு மேலால் காலைப் போட்டு ஏறிப் போய்விட்டாள். அவள் அப்படியானவளா, அல்லது தமையனின் சைக்கிள் ஓடிய ஒரு பெண் பிள்ளை மட்டும்தானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கதை இல்லை, இலக்கணம்தான். ஆனால் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு நாள் முன்வாங்குக்காரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரைப் பிள்ளையின் வாங்கில் இருந்தாள். மன்னிப்புக் கேட்டாளா, என்ன கதைத்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. "எனக்கு இதிலை ஒரு கணக்கு விளங்கேல்லை, காட்டு," என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஆங்கில வகுப்பில் கணக்கு. நான் கவனிக்காததுபோல இருந்தேன்.

மாரி தொடங்கியபோது கடற்கரைப் பிள்ளை வராமல் விட்டாள். முன்வாங்குக்காரிதான் வந்து சொன்னாள். "அவை வள்ளத்திலை இந்தியாவுக்குப் போட்டினம் ரீச்சர். நான்தான் அவளின்ரை பையைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு பாதி வழிமட்டும் போனனான்." சொல்லிவிட்டு நின்றாள். ஏதோ இன்னும் சொல்ல இருந்ததுபோல் இருந்தது. சொல்லவில்லை. போய்த் தன் வாங்கில் இருந்தாள்.

அந்தக் கிழமை சைக்கிளில் கரவெட்டிக்குப் போனேன். வல்லை வெளியில் எதிர்காற்று, மழைத் தூறல். போய்ச் சேர நல்ல நேரம் எடுத்தது. அம்மா ஒரு சம்பந்தம் வந்திருப்பதாகச் சொன்னார். பெடியன் ஆசிரியர், குடி வெறி இல்லை, சாதகமும் பொருந்தியிருக்கிறது. வழமையில் நான் 'பிறகு பாப்பம்' என்பேன். அன்றைக்கு, "வேண்டாம் அம்மா. இது மட்டுமில்லை. இனி எனக்கு ஒண்டும் பேச வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

அந்த 'ஏன்' என்பதற்கு விடையை ஒரு வகுப்புக்கு மாதக்கணக்கில் சொல்லியிருந்தேன். அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கவும் எனக்கு வழி தெரியவில்லை.

"எனக்கு விருப்பமில்லை."

"கடைசி மட்டும் தனியவோ இருக்கப் போறாய்?"

"ஓம் அம்மா."

அம்மா எழும்பிப் போய் அடுப்பில் இருந்ததைக் கிளறினார். அண்ணை என் சைக்கிளின் முன்சில்லு காற்றுப் போயிருந்ததைக் கண்டு, பம்பை எடுத்துவந்து முற்றத்தில் குந்தியிருந்து அடித்தார். மழை விட்டதும் சாப்பிட்டுவிட்டு, இருட்ட முன்னமே நல்லூருக்கு வெளிக்கிட்டேன்.